லெவல் கிராசிங் பாட்டும் பால் பவுடரும்

எனுக்குப் பாட்டே புடிக்காதுன்னு எங்க தெருவுல ஒரு பேச்சு கீது. சுத்தப் பொய். மாதா கோயில்ல பூசைக்கு மொதக் கொரலு எடுக்கறதே நாந்தான், வேணும்னா சாமியாரக் கேட்டுக்கோ. எனுக்குப் புடிக்காதது ஒண்ணே ஒண்ணு. அடுப்புல கொழம்பு கொதிச்சுகினு இருக்க சொல்லோ உப்பு வாங்கியான்னு அனுப்புன புருசன், ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னால தகர ஷெட்டுல குந்திகினு, நாலு பசங்க கிட்டாரு தட்றத வாயப் பொளந்து பாத்துகினு இருந்தா, அது புடிக்காது. யாருக்குப் புடிக்கும்?

எம் பேரு வியாகுலம்மாள். ராயபுரத்துல எறா கம்பெனில எறா உரிக்கிற வேல. எங்க வூட்டுக்காரரு அம்புரோஸ். ஆர்பர்ல சிக்னல் காட்றவரு. அது இன்னா வேலன்னு கேப்பீங்க. கப்பல் வயித்துக்குள்ள கீற மூட்டைய வின்ச்சு மேல தூக்கி, அந்தாண்ட கரையில எறக்கணும். வின்ச்சு ஓட்றவனுக்குக் கப்பல் உள்ளயும் தெரியாது, கீழ கரையும் தெரியாது. அவன் கண்ணு சிக்னல்காரன் கை மேலயேதான் இருக்கணும். கைய ஒசத்தி வெரல சுத்துனா 'அபீசு', தூக்குன்னு அர்த்தம். உள்ளங்கைய கீழ பாத்த மாரி வச்சி ஆட்டுனா 'ஆரியா', எறக்குன்னு அர்த்தம். சுத்தி நிக்கறவன் தொண்ட கிழியக் கத்துனாலும் வின்ச்சுக்காரன் திரும்பக் கூடாது. அந்த ஒரு கைதான் அவனுக்கு எல்லாம்.

எங்க வூட்டுக்காரரு கைக்கு ஆர்பர்ல அப்பிடி ஒரு மரியாத. வின்ச்சு ஓட்ற கருணாகரன் சொல்லுவாரு, "அண்ணி, அம்புரோசு கைய பாத்துகினு நா ஒரு முட்டைய கூட ஒடையாம எறக்குவேன்." மெய்யாலுமே அப்பிடித்தான். அந்தக் கைய வச்சிதான் எங்க வூட்ல அடுப்பு எரிஞ்சுது.

சரி, அந்த நாலு பசங்க கதைக்கு வரேன்.

எழுவத்தி மூணு, எழுவத்தி நாலு வாக்குல எங்க ஏரியாவுல தடுக்கி வுழுந்தா ஒரு கிட்டாரு கோஷ்டி. எல்லாம் இங்கிலீசு பாட்டு வாசிப்பானுங்க, இல்லாங்காட்டி சினிமா பாட்டு. கண்ணாலத்துக்குக் கூப்புடுவாங்க, பிரியாணி போடுவாங்க. இந்த நாலு பேரு மட்டும் ரெண்டும் மாட்டோம்னுட்டானுங்க. சொந்தப் பாட்டுதான் வாசிப்பாங்களாம். அதுவும் தமிழ்ல. அதுவும் நம்ம பாஷையில. தலைவன் லியோனார்டு, லோகோ ஷெட்டுல வேல கத்துகினு இருந்த பையன். டிரம்மு பஷீரு. கோஷ்டிக்குப் பேரு 'தி ஃபிஷ்பிளேட்ஸ்'. ரெண்டு தண்டவாளத்த சேத்துப் புடிச்சுகினு கீற இரும்புப் பட்டைக்கி அப்பிடிப் பேராம். நா பேரக் கேட்டுட்டு, "ஏன், கரி அள்ற முறம்னு வச்சிக்கறதுதானே"ன்னேன். எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளு மூஞ்சிய தூக்கி வச்சிகினாரு.

அந்த கோஷ்டிக்கி ஊர்லயே ஒரே ஒரு ரசிகரு. யாரு? எங்க வூட்டு மகாராசாதான்.

அய்யய்ய, அந்தக் கூத்த நா இன்னான்னு சொல்றது! ரெண்டு புள்ளைக்கித் தகப்பன், காதாண்ட நரச்சுப் போன மனுசன், ஆம்ப்ளிஃபயர் பொட்டிய தலமேல வச்சிகினு போவாரு. மைதா காய்ச்சி நோட்டீசு ஒட்டுவாரு. காய்ச்சறது நானு, கலீஜாப் போன சட்டைய தொவைக்கறதும் நானு. டீக்கடைல எவனாவது "அந்தப் பசங்க இன்னாத்த வாசிக்கறானுங்க"ன்னு சொன்னாப் போதும், சண்டைக்கிப் போயிடுவாரு. அவரோட சொந்த மச்சானே என்னியத் திட்டுனப்போ கூட அந்தாளு சண்டைக்கிப் போகல.

"அப்பிடி இன்னாய்யா கீது அதுல?"ன்னு ஒரு தபா கேட்டேன்.

"நம்மளப் பத்தி பாட்றானுங்கம்மே"ன்னாரு. "கூட்ஸ் வண்டிய, கரித்தூள, ஐஸ் பேக்டரிய. நம்மள எவன் பாட்டுல வச்சான் இதுவரிக்கும்?"

அப்பால அவரு ஒரு பாட்ட ஊம் ஊம்னு முணுமுணுப்பாரு பாரு, எந்நேரமும் அதான். வார்த்த சொல்ல மாட்டாரு. "வார்த்தைய சொல்லித் தொலையேன்"னா சிரிச்சுகினே போயிடுவாரு. அது லெவல் கிராசிங் பாட்டுன்னு எம் பொண்ணு சொன்னா. எனுக்கு லெவல் கிராசிங்னா ஒரே நெனப்புதான். கண்ணாலத்துக்கு முந்தி நா கம்பெனிக்கிப் போவ சொல்லோ கேட்டு மூடிடுவான். கூட்ஸ் வண்டி ஊர்வலம் போற பெருமாள் மாரி அசஞ்சு அசஞ்சு போவும். லேட்டாப் போனா மேஸ்திரி உள்ள வுட மாட்டான். ஒரு நா செருப்பு வாரும் அந்துபோச்சு. அந்தச் செருப்ப கையில புடிச்சுகினு நா ரயில பாத்துத் திட்டுன திட்டு கீதே, கேட்டுக்காரன் காத மூடிகினான். அந்தாண்ட பக்கத்துல சைக்கிளோட நின்னுகினு இருந்த ஆளு என்னியே பாத்துகினு இருந்துச்சு. அதான் எங்க வூட்டுக்காரரு. அடுத்த மாசம் பொண்ணு கேட்டு வந்துட்டாங்க.

சரி, அத வுடு.

அந்த வருசம் கோயில் திருநாள் கிட்ட வந்துச்சு. கொடியேத்தி, தேரு சுத்தி, கடசி நாளு சாயங்காலம் கச்சேரி வப்பாங்க. எங்க வூட்டுக்காரரு திருநாள் கமிட்டிக்காரங்க பின்னால அலயோ அலன்னு அலஞ்சாரு. ஃபிஷ்பிளேட்ஸுக்கு மேடை குடுங்க, ஒரே ஒரு பாட்டாவது வாசிக்க வுடுங்கன்னு. அவங்க டபாய்ச்சுகினே இருந்தாங்க. கடசில, இந்தாளு தொல்ல தாங்காம, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும், "சரிப்பா, வாசிச்சுத் தொலைக்கட்டும்"னுட்டாங்க.

அன்னிக்கி அவரு மொகத்த நீங்க பாத்திருக்கணும். எம் மொதப் புள்ள பொறந்தப்போ கூட அவ்ளோ சிரிப்பு இல்ல. பொய் சொல்லல, எனுக்கே சந்தோசமா இருந்துச்சு.

மறாநாளு திங்கக்கெழம. நா வேலைலேந்து வந்து கெணத்தடில கைகாலு கழுவிகினு இருந்தேன். சந்து மொனைல ஒரு உருவம் வருது. தலேந்து காலு வரிக்கும் வெள்ள. புருவம் வெள்ள, மீச வெள்ள. பக்கத்து வூட்டு அங்கம்மா, "அய்யோ, பேயி"ன்னு கத்திட்டா. கண்ணு மட்டும் செவப்பா, அதுலேந்து தண்ணி வந்து ரெண்டு கோடு. எங்க வூட்டுக்காரருதான்.

"இன்னாய்யா இது? மாவு மிசின்ல வுழுந்தியா?"

"பால் பவுடரு"ன்னாரு. அப்பிடியே தரையில குந்திட்டாரு.

பின்னாலயே வந்த கருணாகரன்தான் சொன்னாரு. கப்பல்ல பால் பவுடரு மூட்ட. வின்ச்சுல ஒரு கட்டு தொங்கிகினு கீது. அத அந்தரத்துல நிறுத்தி வச்சிட்டு, கீழ ஆளுங்க வெலகட்டும்னு அம்புரோசு பாத்துகினு இருந்தாரு. நிறுத்துன்னா கை மூடி அசையாம இருக்கணும். ஆனா மனசு பூரா திருநாளு. வாயி ஊம் ஊம்னு அந்தப் பாட்டு. கை தானா வெரிஞ்சு, தாளம் போட ஆரம்பிச்சிடுச்சு. உள்ளங்கை கீழ பாத்து, தட்டு, தட்டு, தட்டு.

கருணாகரன் கண்ணுக்கு அது இன்னா? ஆரியா. எறக்கு. எறக்கிட்டாரு.

கட்டு கரை வெளிம்புல இடிச்சு, மூட்டையெல்லாம் கிழிஞ்சு, ஆர்பரே வெள்ளையாயிடுச்சாம். யாருக்கும் அடி கெடயாது. ஆனா அந்தக் கட்டு வுழுந்த எடத்துல ஒரு நிமிசம் முந்தி வரிக்கும் பக்ருதீன் பாய் நின்னுகினு இருந்தாரு. பீடிக்கி நெருப்பு கேக்க நாலடி தள்ளிப் போனாரு, அதான் பொழச்சாரு. அஞ்சு புள்ளக்காரரு.

"நா அவர கொன்னிருப்பேன், வியாகுலம்"னாரு எங்க வூட்டுக்காரரு. "எங்கையால கொன்னிருப்பேன்."

நா திட்டறத வுட்டுட்டு, தண்ணி எடுத்தாந்து தலையில ஊத்துனேன். பால் பவுடரு கரஞ்சு, பிசுபிசுன்னு ஒழுவுச்சு. தெருநாயெல்லாம் வந்து நக்குதுங்க.

அப்பால விசாரண. எல்லாரும் சொல்லிக் குடுத்தாங்க, "கயிறு வழுக்கிடுச்சுன்னு சொல்லு, இல்லாங்காட்டி கருணாகரன் அவசரப்பட்டான்னு சொல்லு." கருணாகரனே வந்து, "எம்மேல போடு அம்புரோசு, எனுக்கு ஒரு வார்னிங்கோட போயிடும்"னாரு. இவரு கேக்கல. ஆபீசரு முன்னால நின்னு, "எங்கைதான் சார் தப்பு. பாட்டு நெனப்புல ஆட்டிட்டேன்"னாரு. "இன்னா பாட்டு?"ன்னு ஆபீசரு கேட்டாராம். இவரு தலைய தொங்கப் போட்டுகினு வார்த்தைய மட்டும் சொல்லவே மாட்டேன்னுட்டாராம். சிக்னல் வேலைலேந்து எடுத்துட்டாங்க. குடோன்ல கொட்டுனதக் கூட்டிப் பெருக்கற வேல. வேல போகாம இருந்துச்சே, அதுவே மாதா புண்ணியம்.

சிக்னல் வேல போனதுக்குக் கூட நா அழல. அதுக்கப்பறம் வூட்ல நடந்ததுக்குத்தான் அழுதேன்.

மனுசன் மாதா கெபிக்கு, அதான் கல்லுக் குகையில மாதா செல வச்ச எடத்துக்கு, போயி நேந்துகினு வந்துட்டாரு. இனிமே பாட்டே கேக்க மாட்டேன், தாளம் போட மாட்டேன்னு. ஊம் ஊம் நின்னுபோச்சு. வேலைலேந்து வருவாரு, சுவத்துல சாஞ்சு குந்துவாரு, ரெண்டு கையையும் தொடைக்கி அடியில வச்சிகினு குந்துவாரு. நாயிக்கி செயின் போட்ட மாரி தன் கைக்கித் தானே பூட்டு. ரேடியோல பாட்டு வந்தா எழுந்து வெளிய போயிடுவாரு. சோறு துன்ன மட்டும் கை வெளிய வரும். அந்த ஊம் ஊம் சத்தத்த நா எத்தினி தபா திட்டிருப்பேன், இப்போ அது இல்லாம வூடே வூடா இல்ல.

லியோனார்டு வந்தான் ஒரு நா. இவரு பின்பக்கமா போயிட்டாரு. பையன் வாசல்ல நின்னுகினு, "அக்கா, அண்ணன் வரலன்னா நாங்க திருநாள்ல வாசிக்கல"ன்னான்.

"இன்னாடா உதாரு? அந்த மேடைக்கி அந்தாளு எத்தினி பேரு கால்ல வுழுந்தாருன்னு தெரியுமா உனுக்கு? ஏறி வாசிடா, சோமாரி!"ன்னு ஏசி அனுப்பிட்டேன். அவன் மூக்க உறிஞ்சிகினே போனான். சின்னப் பையன்தானே, பாவம்.

திருநாளு வந்துச்சு. தேரு சுத்தி வந்து நின்னுச்சு. கோயில் மைதானம் பூரா சனம். எங்காளுங்க மட்டுமில்ல, குப்பத்துலேந்து, வியாசர்பாடிலேந்து, எல்லா சாதி சனமும். ஆர்பர் கேங்கு பூரா முன்னால மணல்ல குந்திகினு கீறாங்க. பக்ருதீன் பாயி கூட வந்துகீறாரு.

இவரு வர மாட்டேன்னாரு. "நேந்துகினுகீறேன், வியாகுலம்."

"தேரு பாக்க வர்றதுக்கு நேந்துகிலல்ல? வா"ன்னு புடிச்சு இழுத்தாந்தேன். வந்தும் ஓரமா ஒரு பெஞ்சுல, கைய தொடைக்கி அடியில வச்சிகினுதான் குந்துனாரு.

பசங்க மேடையேறுனாங்க. வெள்ள சட்ட, எண்ண தடவுன தல. லியோனார்டு மைக்க தட்டி, "இது எங்க சொந்தப் பாட்டு"ன்னான். அவ்ளோதான். பின்னாலேந்து பிகிலு. "சினிமா பாட்டு போடுடா!" "எறங்குடா கீழ!" வேர்க்கடல தோலு பறக்குது. பஷீரு பயத்துல டிரம்ம வேகமா அடிச்சுட்டான். கிட்டாரு ஒரு பக்கம் போவுது, டிரம்மு ஒரு பக்கம் போவுது. லியோனார்டு நிறுத்திட்டான். மறுபடி ஆரம்பிச்சான், மறுபடி கொழம்பிடுச்சு. ஊரே சிரிக்குது. கமிட்டிக்காரரு ஒருத்தரு வேட்டிய மடிச்சு கட்டிகினு மேடைப் படியில ஏறுறாரு, எறக்கி வுட்றதுக்கு.

நா எங்க வூட்டுக்காரர பாத்தேன். கண்ண இறுக்க மூடிகினு கீறாரு. அன்னிக்கி அந்தப் பால் பவுடரோட வந்தப்போ இருந்த அதே மூஞ்சி.

அப்போதான் பக்ருதீன் பாயி எழுந்து நின்னாரு. குண்டு ஆளு, கொரலும் அதுக்குத் தக்கன கப்பல் சங்கு. "தே! சும்மா கெடங்கடா எல்லாரும்!" மைதானம் கப்புனு அடங்கிடுச்சு. பாயி மேடைய பாக்கல. அப்பிடியே திரும்பி எங்க பெஞ்ச பாத்தாரு.

"அம்புரோசு. கையக் காட்டு."

இவரு தலைய ஆட்டறாரு, மாட்டேன்னு. வாயி கோணுது.

"நீ கொன்னிருப்பேன்னு நெனச்ச ஆளு நாந்தானே? நானே சொல்றேன். மச்சான், அந்தப் பசங்க அந்தரத்துல தொங்கிகினு கீறானுங்க. எடு கைய."

கேங்கு பூரா திரும்பிடுச்சு. ஒருத்தன் கூட மேடைய பாக்கல. கருணாகரன் மணல்ல குந்துன எடத்துலயே ரெண்டு கையையும் முன்னால நீட்டி, வின்ச்சு பிடிய புடிச்ச மாரி வச்சிகினு, எங்க வூட்டுக்காரர பாத்தாரு. கண்ணு இமைக்கல. தன் கையாலயே சிக்னல் வேலய வுட்டவரு மேல எவ்ளோ நம்பிக்க பாரு.

"நேந்துகினு..."ன்னு இவரு ஆரம்பிச்சாரு.

"யோவ், மாதாகிட்ட நா பேசிக்கறேன். அவங்களும் புள்ளயத் தாலாட்டுனவங்கதானே? தாளம் தெரியாதா அவங்களுக்கு? எடுய்யா!"ன்னேன். சொல்லிகினே தொடைக்கி அடியில கைய வுட்டு அந்தக் கைய வெளிய இழுத்தேன். சில்லுன்னு இருந்துச்சு, மரத்துப் போயி. நாலு தேய்ப்பு தேய்ச்சு வுட்டேன்.

கை மெள்ள மேல வந்துச்சு. உள்ளங்கை கீழ பாத்து நின்னுச்சு. அப்பால ஒரு தட்டு. இன்னொரு தட்டு. கேங்கு கை தட்ட ஆரம்பிச்சுது, சரியா அந்தக் கை எறங்க சொல்லோ. ஒரே சத்தம், ஒரே நேரம், மூட்ட தூக்கற ஆளுங்க கை, இடி மாரி. குப்பத்து ஆளுங்க சேந்துகினாங்க. மேடை மேலேந்து பஷீரு எங்க பெஞ்சயே பாத்துகினு, அந்தக் கைய புடிச்சுகினு டிரம்ம அடிச்சான். இந்த தபா ஒழுங்கா வந்துச்சு. லியோனார்டு பாட ஆரம்பிச்சான்.

கேட்டு மூடிக்கீது மாமு, கூட்ஸு வண்டி போவுது,
அந்தாண்ட ஒரு பொண்ணு நின்னு ஆகாசமே வேவுது.
அந்துபோன செருப்ப புடிச்சா, ரயில பாத்துத் திட்டுனா,
கடசி பெட்டி போனப்பறமும் காதுக்குள்ள கொட்டுனா.

எனுக்கு மொதல்ல ஒண்ணும் ஓடல. ரெண்டாவது தபா பாட சொல்லோதான் சுருக்குனுச்சு. செருப்பு. ரயிலு. திட்டு. அடப்பாவி மனுசா! டீக்கடைல குந்திகினு இந்தப் பையனாண்ட எங்கதைய சொல்லிகீறான். அதத்தான் இத்தினி நாளு வார்த்த இல்லாம எங்காதாண்டயே முணுமுணுத்துகினு இருந்துகீறான். அந்த ஆபீசரு கேட்டப்போ கூட சொல்லாம சிக்னல் வேலைய வுட்டுகினுகீறான்.

மைதானம் பூரா பாடுது. முன்ன பிகிலு அடிச்சவனும் பாட்றான். எனுக்கு மூஞ்சி தீயா எரியுது, கண்ணுல தண்ணி நிக்கல. அழுவறேன்னு எவளாச்சும் பாத்தா மானம் போயிடும். அதனால அவரு தொடைய நல்லா ஒரு கிள்ளு கிள்ளிட்டு, காதாண்ட போயி சொன்னேன்.

"யோவ், பாட்டு தப்பு. நா அன்னிக்கி ரயில திட்டல. அந்தாண்ட நின்னுகினு ஒருத்தன் மொறச்சி மொறச்சி பாத்தான், அவனத்தான் திட்டுனேன்."

அவரு திரும்பல. கண்ணு மேடை மேலயே, கை தாளத்து மேலயே. கப்பல் மேல நிக்கற மாரி முதுவ நிமித்திகினு குந்திகீறாரு.

"உஸ்... பேசாதம்மே. கை தப்பிடும்"னாரு.

நா வாய மூடிகினேன். கண்ணாலமான நாள்லேந்து அதான் மொத தடவ.